தலைக்கும் குழாய்க்கும் நடுவே

“ரோல் கேஜ் போட எவ்ளோ ஆவும்?”

வேலையில் இருந்த காலம் முழுக்க என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான். இப்போது வீட்டில் இருக்கிறேன். கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த டாக்டர், இனி வெல்டிங் வெளிச்சம் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கேள்வி மட்டும் விட்டபாடில்லை. போன மாதம் பட்டறைப் பக்கம் போனபோது சபீனா தன் போனை என்னிடம் நீட்டினாள். யாரோ ஒருவர் தன் காரைப் படம் எடுத்து அனுப்பி, கீழே இந்த ஒரு வரியை மட்டும் எழுதியிருந்தார்.

“தினம் இப்டி வருது மாமா. அத்தா இருந்தா இன்னா சொல்வார்னு யோசிச்சு யோசிச்சு பதில் போட்றேன். நீங்க ஒரு தடவ உக்காந்து எழுதிக் குடுங்களேன். கேக்குறவங்களுக்கு அப்டியே அனுப்பிடுவேன்” என்றாள்.

சபீனா காதர் பாயின் மகள். பாய் மறைந்த பிறகு பட்டறையை அவள்தான் நடத்துகிறாள். விலைப்பட்டியல் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறாக வந்தது. வந்தபடியே விட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோல் கேஜ் என்பது பந்தயக் காருக்குள் இரும்புக் குழாய்களால் கட்டும் எலும்புக்கூடு. கார் உருண்டால் கூரை நசுங்கி உள்ளே இருப்பவர்கள் மேல் இறங்காமல் அது தாங்கும். பட்டறையில் அதைக் கூண்டு என்போம். வேங்கிக்காலைத் தாண்டி வேலூர் ரோட்டில் இருக்கும் காதர் பாய் பட்டறையில் அப்படிப்பட்ட கூண்டுகளைக் கட்டியே என் தலைமுடி நரைத்தது.

நான் வேலை கற்ற கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். சென்னைப் பக்கம் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஒரு கம்பெனியில் வெல்டிங் பழகினேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே திருவண்ணாமலைக்கே திரும்பினேன். பாயும் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் பீரோவும் இரும்புப் பெட்டியும் செய்த குடும்பம். அவர் மட்டும் சென்னையில் ரேஸ் கார் பட்டறை ஒன்றில் வேலை செய்துவிட்டு, தனியாகத் தொடங்க இங்கே வந்தார். “மெட்ராஸ்காரனும் வரலாம், பெங்களூர்காரனும் வரலாம், பாண்டிக்காரனும் வரலாம். பௌர்ணமி அன்னைக்கு மட்டும் கிரிவலக் கூட்டத்துல எவனும் வர முடியாது, அன்னைக்கு நமக்கு லீவு” என்பார்.

பாய் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெல்டிங்கில் குறை கண்டால் சாக்பீஸை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். ஒன்றும் சொல்லாமல் தொழுகைக்குப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் என்ன தப்பு என்று நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டாலும் திட்ட மாட்டார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாம் கண்டுபிடிக்கும் வரை தானும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்குவது மேல் என்று தோன்றும்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் கூண்டுக் குழாயில் மிஞ்சிய இரண்டு துண்டுகளை ஒட்ட வைத்துத் தரச் சொல்வார். சூடு ஆறியதும் அதை வைஸ் இடுக்கியில் பிடித்து, நீளவாக்கில் அறுத்து, வெளியே எடுத்துப் போய் வெயிலில் பார்ப்பார். இரண்டு இரும்பும் உள்ளே வரை உருகி ஒன்றாகியிருந்தால்தான் அன்றைக்கு நான் காரைத் தொடலாம். மேலே மட்டும் பளபளப்பாக ஒட்டியிருந்தால் கூட்டிப் பெருக்குகிற வேலைதான். கைப்பழக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் இந்த வழக்கத்தை அவர் நிறுத்தவில்லை. “நேத்து கை நல்லா இருந்துச்சு. இன்னைக்கு எப்டினு நமக்கு இன்னா தெரியும்?” என்பார்.

கூண்டு கட்டுவதில் குழாயை வளைப்பது கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடக் கஷ்டம், கூரைக்கு அடியில் வெல்டிங் செய்வது. குழாய்கள் கூரையை ஒட்டியே போக வேண்டும். இடம் விட்டால் உட்காருகிறவர் தலைக்கு இடம் குறைந்துவிடும். ஆனால் ஒட்டிப் போனால் மூட்டின் மேல்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் நுழையாது. கை எட்டும் முக்கால் வட்டத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. பாய் முறை வேறு. கூண்டின் கால்கள் நிற்கும் இடங்களில் காரின் தரையில் ஓட்டை வெட்டுவோம். கூண்டை அந்த ஓட்டைகள் வழியே கீழே இறக்குவோம். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே இடம் கிடைக்கும். மேல்பக்கம் முழுவதும் ஒட்டி முடித்து, ஜாக்கி வைத்துக் கூண்டை மறுபடி தூக்கி, கால்களுக்கு அடியில் கனமான தகடு கொடுத்து ஓட்டைகளை அடைப்போம். அதற்கு முன்பாக சீட்டு, கார்ப்பெட், கூரைத் துணி, டேஷ்போர்டு, வயர் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்த பிறகுதான் வெல்டிங் மிஷினுக்குக் கரண்ட் கொடுப்பார்.

விலை கேட்பவர்களுக்குப் புரியாதது இதுதான். “குழாய் கிலோ இவ்வளவுதான, உங்க ரேட் ஏன் இவ்ளோ ஜாஸ்தி?” என்பார்கள். குழாய் விலை அதில் சின்னப் பங்கு. கழற்றுவதும், வெட்டுவதும், மறுபடி மாட்டுவதும்தான் பெரிய பங்கு. கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் போடுகிற, தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிய தையல் குழாயைப் பாய் ஷெட்டுக்குள்ளேயே விட மாட்டார். உருளும்போது அது தையலில் பிளக்கும். தையலே இல்லாமல் உருவிய குழாய்தான் எங்கள் சரக்கு. அதற்கும் மேலே வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு கலப்பு இரும்பு இருக்கிறது. எடை கம்மி, விலை பல மடங்கு. “நொடிக்காக ஓட்றவனுக்குத்தான் அது வேணும். உனக்கு இது போதும்” என்று பாய் பலரைத் தடுத்திருக்கிறார். தானாக வருகிற பணத்தைத் தட்டிவிடுகிறாரே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்ததுண்டு.

அவர் எஸ்டிமேட் போடும் விதம் விசித்திரமானது. வந்தவரைக் காரில் உட்கார வைத்து, “வண்டி எங்க ஓடப் போவுது? யார் யார் உக்காருவாங்க?” என்று கேட்பார். அதற்குப் பதில் வராமல் விலையைப் பற்றிப் பேச மாட்டார்.

“உங்கிட்ட நூறு ரூபா இருக்குனு வெச்சுக்கோ. மொத்தத்தையும் கூண்டுக்குக் குடுத்துட்டு, பழைய சீட்டுலயும் சாதா பெல்ட்டுலயும் உக்காந்தா, கூண்டு தப்பிச்சிடும், நீ தப்பிக்க மாட்ட. தலையிலேர்ந்து ஆரம்பி. மொதல்ல ஹெல்மெட்டு. அப்புறம் கழுத்துக்குக் காப்புப் பட்டை. அப்புறம் முதுகுக்கு சீட்டு. அப்புறம் உடம்ப சீட்டோட கட்டி வைக்கிற பெல்ட்டு. அதுக்கப்புறம் கூண்டு. மிச்சம் இருந்தா இன்ஜினப் பாக்கலாம்.”

பெரும்பாலானவர்கள் இன்ஜினை முடித்துவிட்டு, மிச்சத்தோடுதான் எங்களிடம் வருவார்கள்.

ஆரணியிலிருந்து விக்னேஷ் என்று ஒரு பையன் அப்படித்தான் வந்தான். ராலிப் பந்தயத்தில் ஓட்டுகிறவன். ராலிக் காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார், இடதுபக்கம் இருப்பவர் அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்று படித்துச் சொல்வார். பணம் போதவில்லை. இடதுபக்கக் கதவுக்குக் குறுக்கே போகும் இரண்டு குழாயில் ஒன்றைக் குறைத்துவிட்டால் டயர் வாங்கிவிடலாம் என்றான்.

“லெஃப்ட்ல யாரு உக்கார்றது?” என்றார் பாய்.

“என் ஃப்ரெண்டு பாய். அவன் படிக்கிறவன்தான, ஓட்றது நான்தான.”

“அவரக் கூட்டிகினு வா. கணக்க ரெண்டு பேரையும் வெச்சிகினுதான் பேசுவேன்.”

அடுத்த வாரம் நண்பனோடு வந்தான். ஒல்லியான, கண்ணாடி போட்ட பையன். பாய் அவனிடம், “உங்க பக்கம் ஒரு குழாய் கம்மி பண்ணலாம்னு இவர் கேக்குறார். உங்களுக்குச் சம்மதமா?” என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தப் பையன் விக்னேஷைப் பார்த்தான். விக்னேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு பக்கமும் போட்ருங்க பாய்” என்றான்.

மறுவருஷம் அந்தக் கார் இடதுபக்கம் பாறையில் மோதி எங்களிடம் வந்தது. நண்பன் சின்னக் காயத்தோடு நடந்து வந்தான். கூண்டை நிமிர்த்தித் தரச் சொன்னார்கள். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரு தடவ வளஞ்ச இரும்பு திரும்ப நிமிந்து நிக்கும். ஆனா தாங்காது” என்று என்னிடம் கட்டிங் டார்ச்சைக் கொடுத்தார்.

இதெல்லாம் பந்தயக்காரர்கள் கதை. நான் சொல்ல வந்தது டிரைவர் கோவிந்தசாமியின் கதை.

அடி அண்ணாமலைக்காரர். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நல்ல உயரம், அகலமான தோள். வேலையில் இருந்த வரை ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று ஊரில் அவருக்குப் பெயர். அவருடைய மூத்த மகன் பிரகாஷ் ஜவ்வாது மலையிலிருந்து பலாப்பழ லோடு இறக்கும் ஜீப் ஓட்டியவன். ஒரு மழைநாளில் வளைவில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனான். அந்தச் செய்தி எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது நடந்து ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். காலையில் ஒரு பழைய சின்னக் காரில் அவரும் அவர் மகள் தேன்மொழியும் பட்டறைக்கு வந்தார்கள். தேன்மொழி மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு தினமும் போளூர் வழியாக மலையேறி இறங்குகிறவள்.

“பாய், இதுக்குக் கூண்டு போடணும். நல்ல கூண்டா. செலவப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. ரிட்டயர் ஆன பணம் அப்டியே இருக்கு” என்றார் கோவிந்தசாமி.

பாய் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

“டிரைவர் சார், ரோட்ல ஓட்ற வண்டியில இத மாட்டுனா ஆர்.டி.ஓ. ஒத்துக்க மாட்டாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க பொண்ணு தினம் ஹெல்மெட் போட்டுகினா ஓட்டப் போவுது?”

“காருல எதுக்கு ஹெல்மெட்டு?”

ஷெட்டில் வேலை முடிந்த ராலிக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பாய் தேன்மொழியிடம், “டீச்சர், கொஞ்சம் இதுல உக்காருங்கம்மா” என்றார். அவள் கதவுக்குக் குறுக்கே இருந்த குழாய்களைத் தாண்டி, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “வளைவுல திரும்பும்போது உடம்பு சாயுமில்ல, அப்டி சாஞ்சு காட்டுங்க.” சாய்ந்தாள். அவள் நெற்றிப்பொட்டு குழாயில் போய்ப் பட்டது. சத்தம்கூட வரவில்லை. அவளே கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

“இது சும்மா சாஞ்சதுக்கு” என்றார் பாய். “ஒரு லாரி பக்கவாட்டுல இடிச்சா எவ்ளோ வேகத்துல போவும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். ரேஸ்காரன் தலையில ஹெல்மெட் இருக்கு. உடம்பு அசையாம நாலாபக்கமும் கட்டியிருக்கு. அதனாலதான் அவனுக்கு இந்தக் குழாய் காவல். உங்க பொண்ணுக்கு இதுவே எமன்.”

“மேல பஞ்சு சுத்திடுங்க.”

“அந்தப் பஞ்சு ஹெல்மெட்டுக்காக செஞ்சது. வெறுந்தலைக்கு அது கல்லுதான்.”

“அப்ப இவ ஹெல்மெட்டே போடட்டும்.”

“போடுவாங்க. ஒரு வாரம் போடுவாங்க. அடுத்த வாரம் வெயில்ல கழட்டிப் பின்சீட்ல வெப்பாங்க. நானா இருந்தாலும் அதான் செய்வேன்.”

கோவிந்தசாமி எழுந்துகொண்டார். குரல் தடித்துவிட்டது. “வெளையாட்டுக்கு ஓட்றவனுக்கெல்லாம் தேடித் தேடிக் குழாய் போட்றீங்க. வேலைக்குப் போற பொண்ணுக்குக் கேட்டா ஆயிரம் கத சொல்றீங்க. அவனுங்க உசுருதான் உசுரா பாய்?”

பாய் நாற்காலியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.

கோவிந்தசாமி வெளியே போய் ரோட்டோரம் நின்றார். தேன்மொழி என் பக்கம் வந்தாள்.

“அண்ணா, எனக்கும் இது வேணாம்னு தெரியுது. ஆனா அப்பா ராத்திரியில தூங்கறதே இல்ல. நான் மலையேறி ஸ்கூல் போய்ச் சேந்து போன் பண்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறார். வேலைய விட்டுடுனு சொன்னார். முடியாதுப்பானு சொல்லிட்டேன். கடசியா இதுக்குத்தான் எறங்கி வந்தார். சும்மா ஒப்புக்கு ரெண்டு குழாய் போட்டுக் குடுங்களேன். அவர் மனசு அடங்கிடும்.”

எனக்கு அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அப்படியே போய்ப் பாயிடம் சொன்னேன். சீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு வளையம் போடலாமே, முன்னால் தலைக்கு எட்டாதே என்றும் சொன்னேன். பாய் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்; காரின் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தேன்மொழியைக் கூப்பிட்டார்.

“பின்னாடி யாரும்மா உக்காருவாங்க?”

“யாரும் இல்லீங்க. சாயங்காலம் மழை வந்தா, பஸ் வரலன்னா, பசங்கள ஏத்திப்பேன். வழியில அவங்கவங்க ஊர்ல எறக்கி விடுவேன்.”

“எத்தனாவது படிக்கிற பசங்க?”

“சின்னப் பசங்கதான். மூணாவது, நாலாவது.”

பாய் முன்சீட்டுக்குப் பின்னால், வளையம் வரக்கூடிய இடத்தில் கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கை பின்சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் அதன் முகம் இருக்கும் இடத்துக்கு நேரே நின்றது. தேன்மொழி அதைப் பார்த்துவிட்டு, “சரிங்க பாய்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

சில வாரம் கழித்து வேங்கிக்கால் பக்கம் அந்தக் கார் எதிரே போனதைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை பெயின்ட் அடித்த குழாய்கள் தெரிந்தன. எங்கேயோ கிரில் பட்டறையில் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. பாயிடம் சொன்னேன். “அவர் கேட்டிருப்பார், அவன் போட்டிருப்பான். யாரக் குத்தம் சொல்றது” என்றார். ஆனால் அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு காலை வேளையில் போளூர் பக்கம் போகும் கார்களை அவர் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்தேன். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வெள்ளைக் குழாய் தெரியும் கார் போய்விட்டால், சாயங்காலம் அது திரும்பும் வரை மனசுக்குள் என்னவோ இருந்துகொண்டே இருக்கும்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை அந்தக் கார் நேராகப் பட்டறைக்குள் வந்து நின்றது. தேன்மொழி ஓட்டி வந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு கோவிந்தசாமி இறங்கினார். புருவத்துக்கு மேலே பெரிய கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த மாதிரி, சட்டைக் காலரில் ரத்தம் காய்ந்திருந்தது.

“எடுத்துடுங்க பாய்” என்றார்.

பாய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவராகவே சொன்னார்.

“நீங்க சொன்னத இவ வீட்ல வந்து சொன்னா. பசங்க மூஞ்சி இருக்கற எடம்னு. நான் காதுல வாங்கல. ஆனா அது உள்ளயே கெடந்து அறுத்துகினே இருந்துச்சு. நேத்து இவகூட ஸ்கூலுக்குப் போனேன். வரும்போது, பசங்க உக்கார்ற எடத்துல உக்காந்து பாப்போம்னு பின்னாடி உக்காந்தேன். நாலு பேரு உக்கார்ற எடத்துல நான் ஒருத்தன். கொண்டை ஊசி வளைவுல ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சு. இவ பிரேக் போட்டா. சரியாத்தான் போட்டா, நானா இருந்தாலும் அப்டித்தான் போட்ருப்பேன். வேகமே இல்ல பாய். செகண்ட் கியர்ல வந்துகினு இருக்கோம்.”

கட்டின் மேல் கையை வைத்தார். “குழாய்தான். எனக்கே இப்டினா, பசங்க?”

தேன்மொழி காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

அன்றே வேலையைத் தொடங்கினேன். சீட்டுகளைக் கழற்றி, டேங்கை இறக்கினேன். கேட்டுக்குப் போடும் குழாய்தான் அது. மூட்டுகளில் அங்கங்கே ஒரு பொட்டு வைத்த மாதிரி ஒட்டியிருந்தார்கள். இரண்டு குழாய் வெட்டாமலே, சுத்தியலால் தட்டியதும் கையோடு வந்தது. காரின் தரை ஏற்கெனவே துருப்பிடித்தது; தகடு கொடுக்காமல் அப்படியே துளை போட்டு போல்ட் முடுக்கியதில், துளையைச் சுற்றி இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கார் உருண்டிருந்தால் அந்தக் குழாய்கள் கூரையைத் தாங்கியிருக்காது. உள்ளே ஈட்டி மாதிரி நின்றிருக்கும். நான் அந்தத் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு, கோவிந்தசாமி கண்ணில் படாமல் ஷெட்டுக்குப் பின்னால் வைத்தேன். அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பாய் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “இந்த வண்டி இனிமே மலைக்கு வேணாம் டிரைவர் சார். தரை போயிடுச்சு. கூண்டுக்குனு வெச்ச பணம் இன்னும் இருக்கா?”

“இருக்கு. அந்தக் கிரில்காரன் கம்மியாத்தான் வாங்குனான்.”

“அப்ப அத வெச்சி இன்னொரு கணக்கு போடலாம்.”

பந்தயக்காரர்களுக்குப் போடுகிற அதே வரிசையில்தான் பேசினார். தலைக்கு: பக்கவாட்டிலும் ஏர்பேக் பலூன் விரிகிற ஒரு வண்டி, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் எங்கும் அடிபடாத வண்டி. கழுத்துக்கு: பின்சீட்டிலும் தலை சாய்க்கும் பட்டை இருக்க வேண்டும். உடம்புக்கு: பின்னால் மூன்று பேருக்கும் தனித்தனிப் பெல்ட், மூன்றுக்கு மேல் பசங்களை ஏற்றக் கூடாது. அதற்குப் பிறகு மழைரோட்டைப் பிடிக்கிற நல்ல டயர். வளைவில் வழுக்கினால் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக் கொடுக்கிற வசதி இருந்தால் அதற்காகக் கொஞ்சம் ஜாஸ்தி கொடுக்கலாம். பாட்டு, டி.வி., பளபளக்கிற சக்கரம் இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

“கூரைய பொறுத்தவரைக்கும் கம்பெனிக்காரன் தகட்டுக்குள்ளயே போட்டு வெச்சிருக்கான். உங்க பொண்ணு பெல்ட் போட்டு உக்காந்தா அது வேல செய்யும்” என்றார்.

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது போகும் வரை கோவிந்தசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரகாஷ் போன ஜீப்ப நான் போய்ப் பாத்தேன் பாய்” என்றார். “எல்லாரும் கவுந்து நசுங்கிட்டான்னு பேசிக்கிறாங்க. நானும் அத மாத்தி சொன்னதில்ல. ஜீப்போட மேல் கம்பி வளையவே இல்ல. கண்ணாடிகூட ஒரு பக்கம் அப்டியே இருந்துச்சு. அவன் வெளிய விழுந்துட்டான். உள்ளயே இருந்திருந்தா எழுந்து வந்திருப்பான்.”

தேன்மொழி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“பெல்ட்டு இருந்துச்சு அதுல. சீட்டுக்குப் பின்னாடி முடிச்சுப் போட்டு வெச்சிருந்தான், உறுத்துதுனு. அவன் சின்ன வயசுலேர்ந்து என் பஸ்ஸுல முன்னாடி நின்னுகினு வருவான். நான் ஓட்றதப் பாத்துப் பாத்துதான் கத்துகினான். எங்க காலத்துல பஸ்ஸுல டிரைவருக்குப் பெல்ட்டு எங்க இருந்துச்சு? அப்புறம் குடுத்தாங்க. நான் ஒரு நாளும் போட்டதில்ல. நமக்கு எதுக்கு, நாம ஒழுங்கா ஓட்றோம்னு இருந்துட்டேன். அவனும் ஒழுங்காத்தான் ஓட்டுவான்.”

பாய் தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தோளில் கையை வைத்தபடி உட்கார்ந்தார். தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அன்றைக்கு மட்டும் பாய் எழுந்து போகவில்லை; கோவிந்தசாமி எழும் வரை அங்கேயே இருந்தார்.

வண்டி கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. பாயும் நானும் வேலூர், கிருஷ்ணகிரி என்று போய்ப் பார்த்தோம். பெயின்ட் பூசி மறைத்த அடி, மாற்றி மாட்டிய பலூன் என்று எத்தனையோ தள்ளினோம். கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர் அம்மா வைத்திருந்த வண்டி அமைந்தது. கூண்டுக்கென்று வைத்திருந்த பணத்துக்குக் கொஞ்சம் மேலே போனது. அந்தக் கொஞ்சத்தைத் தேன்மொழி போட்டாள். புது டயர் மாட்டி, பெல்ட் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, பின்சீட்டு நடுப்பெல்ட் சிக்கியிருந்ததைச் சரிசெய்து, ஒரு காலையில் கொடுத்தோம். கூலி எவ்வளவு என்று கோவிந்தசாமி கேட்டார். டயர்க் கடைக்குக் கொடுத்ததை மட்டும் பாய் சொன்னார்.

தேன்மொழி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கோவிந்தசாமி பக்கத்தில் ஏறினார். நெற்றியில் தழும்பு வெளுத்திருந்தது. கதவைச் சாத்தியதும் அவர் தோளுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தேடினார். தேடிய கை பெல்ட்டுக்கு மேலும் கீழும் போனது. எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் உதவலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அகப்பட்டதும் அவர் அதை வெடுக்கென்று இழுத்தார். அது பூட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். வரவில்லை. பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பியே காய்த்துப்போன கைகள் அவை. அவர் முகம் மாறத் தொடங்கியது.

“மெதுவா இழுங்கப்பா” என்றாள் தேன்மொழி. “வேகமா இழுத்தா வராது.”

அவர் விட்டுவிட்டு, மெதுவாக இழுத்தார். வந்தது. மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடம் தெரியாமல் தடவி, மகள் விரலால் காட்டிய இடத்தில் செருகினார். சின்னச் சத்தம் கேட்டது. தேன்மொழி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைப் போளூர் பக்கம் திருப்பி ரோட்டில் ஏற்றினாள்.